சூனியக்காரிகளிடம் ஒரு வருடமும் ஒரு நாளும்

1

போன மாதம் பண்டாரவளையிலிருந்து ஒரு விருந்தாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். பெயர் சரோஜா. தங்கையின் பிரசவத்துக்குத் துணையாக இங்கிலாந்து வந்தவர், நானும் இலங்கையின் ஊவாப் பக்கத்துக்காரி என்று யாரோ சொல்லக் கேட்டு, ரயிலேறி இரண்டு மணி நேரம் பயணம் செய்து என்னைப் பார்க்க வந்திருந்தார். ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் இடித்து வைத்தேன். சரோஜா ரொட்டியைப் பிய்க்கிறார், பிய்த்ததை அப்படியே தட்டில் வைக்கிறார். வாய்க்குப் போகவில்லை.

"ஏன், உறைப்புக் கூடிப் போச்சா?" என்று கேட்டேன்.

"அதில்லக்கா. ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"நீங்க இங்க வெள்ளக்காரிங்ககிட்ட சூனியம் படிச்சீங்கன்னு பசறப் பக்கம் பேசிக்கிறாங்க. நெசமாங்கக்கா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் வசந்திக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். அன்றைக்கு அதிசயமாகத் தமிழில் வாயைத் திறந்தாள். "சூனியம்னா ஒண்ணுமில்ல தானே? அப்பா கணக்கு சொல்லும்போது சொன்னாங்க."

சரோஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ரொட்டியும் உள்ளே போயிற்று. அவரிடம் அன்று சொன்னதை ஊரில் மற்றவர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். நடந்தது இவ்வளவுதான் என்று தெரிந்தபிறகு பேசுகிறவர்கள் பேசட்டும்.

2

நான் பிறந்தது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். வாசலில் நின்றால் நமுனுகுல மலை தெரியும், மேகம் விட்டால். அப்பா ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். அம்மா கொழுந்தெடுத்தாள். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. பிறகு துரை பங்களாவில் இரண்டு பிள்ளைகளுக்கு ஆயாவானேன்.

எழுபதுகளின் நடுவில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். எங்கள் துரைசானி, பிள்ளைகள் உன்னைவிட்டுப் பிரிய மாட்டோம் என்கிறார்கள், கூடவே வருகிறாயா என்று கேட்டார். என்னிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தது. அப்பா உயிரோடிருந்தபோது குடியுரிமை கேட்டுத் தன்னையும் என்னையும் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்தார். அம்மாவும் அண்ணனும் இலங்கைக்கு எழுதிக்கொடுத்தார்கள். எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரியாத காலம். ஆளுக்கொரு பக்கம் நின்றால் ஒரு பக்கமாவது ஒட்டிக்கொள்ளலாம் என்பது அப்பாவின் யோசனை. தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே லயத்துக் காம்பராவில், இரண்டு நாடு குடியிருந்தது. இந்தியாவை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

இங்கிலாந்தில் இரண்டு வருடத்தில் பிள்ளைகள் விடுதிப் பள்ளிக்குப் போய்விட்டார்கள். எனக்கு மேற்குப் பக்கம் ஒரு சின்ன ஊரில், ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை கிடைத்தது. அதே ஆஸ்பத்திரியின் சமையல்கட்டில் ராஜகோபால் என்று ஒருவர் இருந்தார். திருச்சிக்காரர். முதல் நாளே "எங்க ஊருப் பேச்சு மாதிரியே பேசுறியே, எந்தக் கிராமம்?" என்று கேட்டார். பசறை என்றேன். "அது எங்க இருக்கு, லால்குடிக்கு அந்தப் பக்கமா?" என்றார். அவரைத்தான் கட்டிக்கொண்டேன்.

சலவைப் பிரிவின் மேற்பார்வைக்காரி மேவிஸ். ஐம்பது வயதுக்கு மேல், கட்டையான உடம்பு, கொதிநீரில் சிவந்த கைகள். செல்லம்மா என்ற என் பெயர் அவர் வாயில் "செல்மா" ஆகிவிட்டது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதையெல்லாம் எனக்குத் தெரிந்த தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

3

வசந்திக்கு இரண்டு வயதாக இருந்தபோது, ஒரு அக்டோபர் மாதம், அண்ணனிடமிருந்து தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள்.

அடக்கத்துக்குப் போக முடியாது என்று தெரியும். பதினாறாம் நாள் காரியத்துக்காவது போய்விட வேண்டும் என்று லண்டனுக்கு ஓடினேன். இலங்கைக்கு விசா தருகிற அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீங்கள் இந்தியப் பிரஜை. இருப்பது இங்கே. இலங்கைக்கு எதற்குப் போகிறீர்கள்?"

"எங்க அம்மா அங்க செத்துப் போச்சு."

"அம்மா அங்கே ஏன் இருந்தார்?"

என் ஆங்கிலத்துக்கு அந்தக் கேள்வி பெரிது. தமிழில் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பேனா தெரியாது. அவர் கெட்டவர் இல்லை. ஒரு படிவம் கொடுத்து, அனுமதி வர நாலைந்து வாரமாகும் என்று பொறுமையாகச் சொன்னார். பதினாறாம் நாள் அதற்குள் முடிந்துவிடும்.

மறுநாள் வேலைக்குப் போனேன். படுக்கை விரிப்புகளை இஸ்திரி போடும் ஆவி உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருக்கும்போது கை நின்றுவிட்டது. மேவிஸ் வந்து இயந்திரத்தை நிறுத்தினார். என்ன என்று கேட்டார். சொன்னேன்.  என் கையிலிருந்த ஈர விரிப்பை வாங்கி மடித்துக்கொண்டே, "அம்மா பேரென்ன?" என்றார்.

"காளியம்மா."

"இந்த மாசக் கடைசி நாள், சாயங்காலம் எங்க வீட்டுக்கு வா. அந்த வருஷம் போனவங்களுக்கு அன்னைக்கு நாங்க ஒரு தட்டு வைப்போம். உங்க அம்மாவுக்கும் வைக்கலாம். அவங்களுக்குப் புடிச்சது ஏதாவது கொண்டா."

போனேன். இங்கே அக்டோபர் கடைசியில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். மேவிஸின் முன்னறையில் நாற்காலிகளை ஓரம் தள்ளியிருந்தார்கள். மேவிஸோடு சேர்த்து ஏழு பேர். அதில் ஒருவர் வங்கிக் குமாஸ்தா, இரண்டு பேர் பள்ளி ஆசிரியைகள், ஒருவர் தோட்டக்காரர். நடுவில் ஒரு சின்ன மேசை. அதில் மெழுகுவர்த்தி, ஆப்பிள்கள், ஒரு கிண்ணம் உப்பு, ஒரு கிண்ணம் தண்ணீர். மேவிஸ் உப்பைத் தண்ணீரில் கலந்து எங்களைச் சுற்றித் தெளித்தபோது, வெள்ளைக்காரர் வீட்டில் நிற்கிறேன் என்பது எனக்கு மறந்துவிட்டது.

அம்மாவுக்குப் பிடித்தது வெற்றிலை. அந்த ஊரில் வெற்றிலைக்கு எங்கே போவது? பால் சேர்க்காத தேத்தண்ணி போட்டுப் போத்தலில் கொண்டுபோயிருந்தேன், ஒரு துண்டு கருப்பட்டியும். அதைத் தட்டில் வைத்தார்கள். ஒவ்வொருவரும் இறந்துபோன தங்கள் மனிதரின் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் மற்ற எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள். என் முறை வந்தது.

"காளியம்மா," என்றேன்.

"காலி-யாமா," என்றார்கள் ஏழு பேரும்.

தந்தி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை என்னையும் என் புருஷனையும் தவிர யாரும் உச்சரிக்கவில்லை. நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரும் தடுக்கவில்லை. அழுது முடித்தபின் தோட்டக்காரர் எனக்கொரு ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தார்.

திரும்பும்போது வாசலில் மேவிஸ் சொன்னார்: "நாங்க யாருன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கணும், செல்மா. எங்க சமயத்துக்கு விக்கான்னு பேரு. எங்கள சூனியக்காரிங்கன்னு சொல்வாங்க. நாங்களும் அப்படித்தான் சொல்லிக்குவோம்."

நான் சட்டென்று ஒரு படி கீழே இறங்கிவிட்டேன். ஏனென்றால் அந்தச் சொல்லை எனக்குத் தெரியும். எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராவில் முத்தாயி என்று ஒரு கைம்பெண் இருந்தாள். ஒரு வருடம் இரண்டு குழந்தைகள் காய்ச்சலில் இறந்தபோது அவள் சூனியம் வைத்ததாக எவனோ சொன்னான். அவ்வளவுதான். யாரும் அவளுக்கு நெருப்புக் கொடுக்கவில்லை, குழாயடியில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. என் அம்மாவும் கதவைச் சாத்தினாள். ஒரு காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் பெயர் கூப்பிடும்போது முத்தாயி இல்லை. மூட்டையோடு மொனராகலைப் பக்கம் இறங்கிவிட்டாள் என்றார்கள்.

இரண்டு நாள் கழித்து இதை மேவிஸிடம் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "இந்த ஊர்லயும் எத்தனையோ முத்தாயிங்க. அவங்க மேல வீசின சொல்ல நாங்க கீழ விழ விடல. எடுத்து வச்சுக்கிட்டோம்," என்றார்.

அன்றைக்குத்தான் கேட்டேன், எனக்கும் கற்றுக்கொடுப்பீர்களா என்று.

4

உள்ளே எடுக்கும் முன் ஒருவர் ஒரு வருடமும் ஒரு நாளும் கற்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். அதற்கிடையில் பிடிக்காவிட்டால் போய்விடலாம். ஏன் என்று கேட்க மாட்டார்கள். நான் முதலில் கேட்ட கேள்வியை எழுத வெட்கமாயிருக்கிறது, ஆனால் எழுதுகிறேன். உடுப்பில்லாமல் சுற்றி நிற்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சில குழுவுல அப்படித்தான் செய்வாங்க," என்றார் மேவிஸ். "நாங்க அங்கி போட்டுக்குவோம். இந்தக் குளிருக்கு என் முழங்கால் தாங்காது."

அடுத்தது சாத்தானைப் பற்றி. அவர்களுக்குச் சாத்தானே கிடையாது. ஒரு அம்மனும் ஒரு சாமியும் உண்டு. அம்மன்தான் நிலவு; பிறை, முழுநிலவு, தேய்நிலவு போலக் கன்னியாகவும் தாயாகவும் கிழவியாகவும் இருப்பாள். சாமி கொம்புடையவர், காட்டுக்கும் வேட்டைக்கும் உரியவர். குளிர்காலத்தில் பிறந்து அறுவடையோடு மடிந்து மறுபடி பிறப்பார். வருடத்துக்கு எட்டுப் பண்டிகை. ஒவ்வொன்றும் வெயில் எந்தப் பக்கம் போகிறது, மண் என்ன செய்கிறது என்பதைப் பார்த்து வைத்தது.

வட்டம் போடுவதைக் கற்றேன். முதலில் விளக்குமாற்றால் இடத்தைக் கூட்ட வேண்டும். அதில் நான் முதல் நாளே தேர்ச்சி. பிறகு உப்புநீர், சாம்பிராணி. கறுப்புப் பிடி போட்ட ஒரு கத்தியால் காற்றில் வட்டம் வரைவார்கள். அந்தக் கத்தியால் எதையும் வெட்டக் கூடாது. கிழக்கில் காற்று, தெற்கில் நெருப்பு, மேற்கில் நீர், வடக்கில் மண் என்று நாலு திசையையும் கூப்பிட்டு வணங்குவார்கள். முடிந்ததும் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி வழியனுப்பிவைப்பார்கள். கூப்பிட்ட விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுகிற அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்தது.

பிடித்தது இன்னொன்று. வேலை நாளில் அழுக்கு விரிப்புகளை எண்ணுகிற மேவிஸ்தான் அங்கே பூசாரி. வங்கிக் குமாஸ்தா அவர் முன்னால் விளக்குமாற்றோடு காத்து நிற்பார். பெண் பூசை வைத்து ஆண் எடுபிடி செய்வதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அவர்களும் என்னிடம் கேட்டார்கள், உங்கள் பக்கம் எப்படி என்று. கவ்வாத்துச் சாமியைச் சொன்னேன். தேயிலைச் செடியை வெட்டுகிற பருவம் தொடங்கும் முன் மலையில் பூசை வைத்த பிறகுதான் முதல் வெட்டு. ஸ்டோரில் இயந்திரச் சக்கரத்துக்குக் காவலாக இருக்கும் ரோதைமுனியைச் சொன்னேன். "இயந்திரத்துக்கும் சாமியா!" என்று எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அடுத்த நாள் வேலைக்குப் போனால், எங்கள் ஆவி உருளையின் ஓரத்தில் ஒரு சாமந்திப் பூ. மேவிஸ் எதுவும் தெரியாதவர்போல் விரிப்பு எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆங்கிலம்தான் காலை வாரியது. மந்திரத்துக்கும் எழுத்துக்கூட்டலுக்கும் அவர்களிடம் ஒரே சொல், 'ஸ்பெல்'. "எனக்கு ஸ்பெல் சரியா வராது, பள்ளிக்கூடத்துலயே டீச்சர் அடிப்பாங்க," என்று நான் சொல்ல, ஆசிரியைகள் இருவரும் அதிர்ந்துபோனார்கள். இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், பூசைப் புத்தகத்தை ஒவ்வொருவரும் தன் கையாலேயே பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் எடுத்தேன். மேவிஸ் பார்த்தார். "உன் எழுத்துலயே எழுதேன்," என்றார். அப்படியாக அவர்கள் சொல்லும் ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதினேன். அந்தக் கொப்பி இன்னும் இருக்கிறது.

என் புருஷன் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "ஏ புள்ள, குட்டிச்சாத்தான் ஏதும் வீட்டுக்கு வருமா?" வராது என்றேன். "அப்பச் சரி," என்று அந்த மாலைகளில் வசந்தியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

5

ஊருக்கு எழுதினேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அவர்களை என்ன பெயரிட்டு எழுதுவது என்று தெரியாமல், 'சூனியக்காரிகள்' என்றே எழுதிவிட்டேன். அண்ணன் சுப்பையாவுக்கு வாசிக்க வராது. பசறைக் கடைத்தெருவில் ஹனிபா நானா, அதாவது ஹனிபா அண்ணன், தன் கடையில் வைத்துத்தான் கடிதத்தை வாசித்துக் காட்டுவார், வந்திருப்பவர்கள் காது கேட்க.

பதிலும் நானாவின் கையெழுத்தில், ஆனால் அண்ணன் குரலில் வந்தது. "தங்கச்சி, அம்மா போய் ஒரு வருஷம் ஆகல. நீ அந்தக் கூட்டத்துல சேந்திருக்க. லயத்துல எவனும் எங்கூடப் பேசுறான் இல்ல. முத்தாயிக்கு என்ன நடந்துச்சுன்னு மறந்துட்டியா? அதுகள விட்டுரு. இல்லாட்டி அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்னு நெனைக்காத."

எனக்கிருந்த ஒரே உடன்பிறப்பு அவன். ஒரு வருடமும் ஒரு நாளும் முடிய இரண்டே மாதம் இருந்தது.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. வேலை முடிந்து வந்தால், எங்கள் வாசல் கதவில் கறுப்புச் சாயத்தால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: உன் ஊருக்குப் போ. எந்த ஊர் என்றும் எழுதியிருந்தால் நானும் தெரிந்துகொண்டிருப்பேன்.

புருஷன் வாளியோடு தேய்க்கத் தொடங்கினார். நான் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு நேராக மேவிஸ் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே சொன்னேன்: "இத எழுதினவன் கை விளங்காமப் போகணும். செய்யுங்க. உங்களால முடியும்."

மேவிஸ் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"அந்தக் கை யாரோடதுன்னு தெரியுமா?"

"தெரியாது. தெரிய வேண்டாம்."

"செல்மா, யாருக்கும் கேடு செய்யக் கூடாது. எங்ககிட்ட கண்டிப்பா ஒண்ணு இருக்குன்னா அது அதுதான். அனுப்பினது மூணு மடங்காத் திரும்பி வரும்னு நாங்க நம்புறோம். உன் வீட்டுல சின்னப் பிள்ள இருக்கு. நான் செய்ய மாட்டேன். உன்னையும் செய்ய விட மாட்டேன்."

"அப்ப உங்க மந்திரம் எதுக்குத்தான் ஆகும்?" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

சாயம் முழுதாகப் போகவில்லை. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு யாரோ வெளியே பேசும் சத்தம். திறந்தேன். மேவிஸ், கையில் கம்பித் தேய்ப்பானும் வாளியும். பின்னால் குமாஸ்தா, இரண்டு ஆசிரியைகள், தோட்டக்காரர், மற்ற இரண்டு பேர். ஏழு பேரும் வந்திருந்தார்கள். யாரும் அங்கி போட்டிருக்கவில்லை. பழைய கால்சட்டையும் கையுறையும்தான்.

"இதுக்குத்தான் ஆகும்," என்றார் மேவிஸ்.

தெருவே பார்த்தது. அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. மதியம்வரை தேய்த்தார்கள். எதிர்வீட்டுக் கிழவர், அதுவரை எங்களுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாதவர், ஒரு போத்தல் டர்பன்டைனைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு திரும்பிப் போனார். கறுப்பு போனபின் கதவுக்குப் பச்சை பூசினார்கள். கடைசியில் மேவிஸ் வாசற்படியில் உப்புநீர் தெளித்தார். என் புருஷன் எல்லோருக்கும் உப்புமா கிண்டினார். தோட்டக்காரர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

அதன்பின் ஒரு வாரம், தினமும் மாலையில், அவர்களில் யாராவது ஒருவர் பின்னல் ஊசியோ பத்திரிகையோ எடுத்துக்கொண்டு எங்கள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மறுபடி யாரும் எழுதவில்லை.

இதை அப்படியே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அண்ணனுக்கு எழுதினேன். இந்த முறை அவர்களுக்கு எந்தப் பெயரும் வைக்கவில்லை. 'மேவிஸம்மாவும் ஆறு பேரும்' என்று மட்டும் எழுதினேன்.

6

ஒரு வருடமும் ஒரு நாளும் நவம்பர் தொடக்கத்தில் முடிந்தது. அண்ணனிடமிருந்து பதில் வரவில்லை. மேவிஸிடம் போய், என்னால் இப்போது உள்ளே வர முடியாது என்றேன். காரணம் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரையும் இழந்துட்டு இங்க வரக் கூடாது. நிலா எங்கயும் ஓடிப்போகாது. நீ கத்துக்கிட்டே இரு."

அப்படியே இருக்கிறேன். இன்றைக்கும் நான் ஆரம்ப வகுப்புதான். எங்கள் மாரியம்மன் படம் என் சமையலறையில் இருக்கிறது. அவர்களுடைய பண்டிகைகளுக்கும் போகிறேன். இரண்டு அம்மன்களுக்கும் இதில் மனத்தாங்கல் இருப்பதாகத் தெரியவில்லை.

தை பிறந்த பிறகு கடிதம் வந்தது. ஹனிபா நானாவின் கையெழுத்து. அவர் முதல் வரியிலேயே தன் சார்பில் ஒன்று எழுதியிருந்தார், தன் கடையில் இந்தமுறை இரண்டு தரம் சத்தமாக வாசித்ததாக. பிறகு அண்ணன் பேசினான்.

"தங்கச்சி, கதவக் கழுவிக் குடுத்தவங்களப் போய் நான் என்னென்னமோ பேசிட்டேன். மனசு கேக்கல. வெள்ளிக்கிழம நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போயி அந்தம்மா பேருக்கு ஒரு அர்ச்சன வச்சேன். பூசாரி பேரக் கேட்டாரு. மேவிசுன்னேன். மூணு தரம் சொல்ல வச்சாரு. நட்சத்திரம் கேட்டாரு. எனக்கு எங்க தெரியும்? அப்புறம் நம்ம அம்மாவோட நட்சத்திரத்தையே சொல்லிட்டேன். தப்பில்லையே?"

மறுநாள் இடைவேளையில், ஆவி உருளைக்குப் பக்கத்தில் நின்று, இதை மேவிஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நட்சத்திரம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. சிவந்த கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "அது என்ன நட்சத்திரம்?" என்றார்.

"ரோகிணி."

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து விரிப்புக் கணக்குக் கொப்பியின் பின்னட்டையைத் திருப்பினார்.

"மெதுவாச் சொல்லு," என்றார். "என் நட்சத்திரத்த நான் சரியா எழுதணும்."